ஒழுகுகிற பழைய கார்: செலவழித்து ஓட்டுவதா, விட்டுவிடுவதா?

செட்டிநாட்டு ஊர்களில் பழைய கார் இரண்டு விதம். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் தினமும் ஓடி இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது ஒன்று. கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பெரிய வீட்டின் பின்தெரு ஷெட்டில் மாதக்கணக்கில் நின்று, கல்யாணத்துக்கோ கும்பாபிஷேகத்துக்கோ ஆள் வரும்போது மட்டும் வெளியே வருவது மற்றொன்று. முதல் வண்டி தேய்ந்து ஒழுகும், இரண்டாவது வண்டி ரப்பர் சீல்கள் காய்ந்து ஒழுகும். பட்டறையில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "இன்ஜினை இறக்கிப் பாத்துருவோம்." அல்லது, "வித்துட்டு வேற எடுங்க." இந்த இரண்டில் எதற்கும் உடனே தலையாட்ட வேண்டாம். ஒழுகுவது என்ன, எங்கிருந்து, எதனால் என்று தெரிந்த பிறகுதான் செலவுக் கணக்கே போட முடியும். அதைக் கண்டுபிடிக்கும் வேலையில் முக்கால்வாசியை வீட்டிலேயே செய்துவிடலாம்.

எது சொட்டுகிறது என்றே தெரியவில்லை

ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து இரவில் இன்ஜினுக்குக் கீழே விரியுங்கள். முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தைப் பேனாவால் கோடிட்டு, டிரைவர் பக்கம் எது என்றும் எழுதிவிடுங்கள். நிற்பது ஆத்தங்குடிக் கல் பதித்த தரையாக இருந்தால் அட்டைக்கு அடியில் ஒரு தார்ப்பாய் கட்டாயம். அது சிமெண்டில் செய்த கல். ஆயிலை ஒருமுறை குடித்துவிட்டால் எந்தச் சோப்புக்கும் கறை முழுதாகப் போகாது.

காலையில் சொட்டை விரலில் தொட்டுப் பாருங்கள். பழுப்பாகவோ கறுப்பாகவோ வழவழவென்று இருந்தால் இன்ஜின் ஆயில். அதைவிடக் கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு இருந்தால் கியர் ஆயில். பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு என்று ஏதாவது ஒரு சாயத்தோடு தண்ணீர்போல் இருந்து, காய்ந்ததும் பிசுபிசுத்தால் கூலண்ட். அது விஷம். நாயோ ஆடோ நக்கும் முன் கழுவித் தள்ளுங்கள். சிவப்பாக இருந்தால் பவர் ஸ்டீயரிங் ஆயிலாகவோ ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலாகவோ இருக்கும். சக்கரத்தின் உட்புறம், அல்லது பெடலுக்கு நேர் கீழே வெளிர் மஞ்சளாக நழுவுகிற ஈரம் இருந்தால் பிரேக் ஆயில். அந்த வண்டியை அதற்குமேல் நகர்த்தக் கூடாது. ஏசி போட்டு ஓட்டி வந்த பிறகு சொட்டும் தெளிந்த தண்ணீரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அளவையும் கணக்கிடலாம். தோராயமாக இருபது சொட்டு ஒரு மில்லி. நிமிடத்துக்கு ஒரு சொட்டு வீதம் எட்டு மணி நேரம் ஒழுகினால் 480 சொட்டு, அதாவது 24 மில்லி. ஒரு மாத இரவுகளுக்கு முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தரையில் பயமுறுத்தும் கறை பல நேரம் இதில் பாதிகூட இருக்காது. ஆனால் நிற்கும்போது சொட்டாமல், ஓடும்போது ஆயில் பிரஷரில் மட்டும் பீய்ச்சுகிற ஒழுகலும் உண்டு. அது அட்டையில் தெரியாது, ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கில்தான் தெரியும். அட்டை சுத்தமாக இருந்து, ஸ்டிக்கில் மட்டம் இறங்கிக்கொண்டே போனால், ஒன்று ஓடும்போது வெளியே போகிறது, இல்லையென்றால் உள்ளே எரிகிறது.

இன்ஜின் முழுக்க ஆயில், எங்கிருந்து என்று சொல்ல முடியவில்லை

இந்தப் பக்கத்துச் செம்மண் தூசி ஆயிலோடு சேர்ந்தால் இன்ஜின்மேல் விரல்கனத்துக்குப் பொருக்குக் கட்டிவிடும். அதை வைத்துக்கொண்டு ஒழுகும் இடத்தைச் சொல்கிறவர் ஊகத்தில்தான் சொல்கிறார். ஆறின இன்ஜினில் ஆல்டர்னேட்டர், பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், ஏர் ஃபில்டர் வாய், கம்ப்யூட்டர் இணைப்புகள் எல்லாவற்றையும் பாலித்தீன் பையால் கட்டி மூடிவிட்டு, டிகிரீசரைப் பிரஷ்ஷால் தேய்த்து, குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்ததும் சந்தேகப்படும் இணைப்புகள்மேல் முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லத் தூவி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் மூலம். ஆயில் கீழ்நோக்கி வழியும், ஓடும்போது காற்றில் பின்னோக்கியும் போகும். அதனால் நனைந்த இடங்களில் மிக உயரமாகவும் மிக முன்னாலும் இருப்பதைத்தான் நம்ப வேண்டும்.

இதைச் செய்வதற்கு முன் எந்தப் பேக்கிங்கையும் (இரண்டு பாகம் சேரும் இடத்தை அடைக்கும் தகடு அல்லது ரப்பர்) வாங்க வேண்டாம்.

ஒன்றை மாற்றினால் இன்னொன்று ஒழுகுகிறது

இன்ஜினின் மேல்மூடியான டாப்பெட் கவரின் பேக்கிங்கை மாற்றினார்கள். மூன்று மாதத்தில், கிராங்க் தண்டு வெளியே வரும் இடத்திலுள்ள கிராங்க் சீல் ஒழுகியது. அதை மாற்றியதும் அடியிலுள்ள ஆயில் தொட்டியான ஆயில் சேம்பர் ஒழுகியது. காரைக் கைவிடுபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். ஆனால் எல்லா இடத்திலும் ஒழுகுகிறது என்றால் எல்லா ரப்பரும் ஒரே நேரத்தில் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. உள்ளே அழுத்தம் கூடியிருக்கலாம். நம் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது இதைத்தான். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்குவது எந்த இன்ஜினிலும் உண்டு. அதை உறிஞ்சி மீண்டும் எரியவிடுவது பிசிவி வால்வின் வேலை. அந்த வால்வோ அதன் ஹோஸோ கசடு பிடித்து அடைத்தால், அழுத்தம் எந்தச் சீல் பலவீனமோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். பலவீனமானதை மாற்றினால் அடுத்த பலவீனம் திறக்கும்.

பார்க்கும் முறை இது. பெட்ரோல் வண்டியில் இன்ஜின் சூடாகி ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின்மேல் மெல்லிய பாலித்தீன் தாளை வையுங்கள். தாள் லேசாக உள்ளே இழுபட்டால் நல்லது. எம்பிக் குதித்தாலோ, புகை குபுகுபுவென்று வந்தாலோ, முதலில் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்குங்கள். கலகலவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் புதியது போடுங்கள், ஹோஸையும் கழுவுங்கள். சில நூறு ரூபாய் வேலை. ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஒழுகல் பாதியாகக் குறைந்தால் அது வரை வந்த எஸ்டிமேட்டுகளைக் கிழித்துப் போடலாம். வால்வ் நன்றாக இருந்தும் புகை தள்ளுகிறது, டிப் ஸ்டிக் தானாக மேலே எழும்புகிறது, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் கிடக்கிறது என்றால் ரிங் தேய்ந்திருக்கிறது. டீசல் வண்டியில் உறிஞ்சல் இருக்காது, கொஞ்சம் புகை இயல்பு. அங்கே மூடியைத் தலைகீழாக வாய்மேல் வைத்தால் அது ஆடலாம், தூக்கி எறியப்படக் கூடாது.

அடுத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் கேளுங்கள்: "அண்ணே, ஸ்பேனரத் தொடுறதுக்கு முன்னாடி கம்ப்ரஷன் எடுத்து எல்லா சிலிண்டர் நம்பரையும் எழுதிக் குடுங்க." இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். பிளக்குகள் அனைத்தும் கழற்றி, பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் காயிலையும் பிரித்து, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து, ஒவ்வொரு சிலிண்டரையும் ஐந்தாறு சுற்று சுற்ற வேண்டும். பேட்டரி இறங்கியிருந்தால் எண் பொய் சொல்லும். பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்களில் 150 முதல் 190 பிஎஸ்ஐ வரை வரும். துல்லியமான அளவு அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். எண்ணைவிட முக்கியம் சிலிண்டர்களுக்குள் உள்ள வித்தியாசம். பதினைந்து சதவீதத்துக்கு மேல் ஒன்று குறைந்தால், அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் சிலிண்டர் வால்வ் அல்லது ஹெட் பேக்கிங். இந்த எண்கள் கையில் இல்லாமல் பெரிய செலவுக்குச் சம்மதிக்க வேண்டாம்.

எரிந்த ஆயில் வாடை, ஆனால் தரையில் சொட்டு இல்லை

டாப்பெட் கவர் பேக்கிங்கில் கசிந்து சைலென்ஸர் மேனிஃபோல்டில் விழுந்து எரிகிறது. ஒழுகல்களிலேயே மலிவானதும் எளிதானதும் இதுதான். கவரைக் கழற்றி, இரு பக்கமும் பழைய பேக்கிங் துணுக்கு இல்லாமல் துடைத்து, புதிய ரப்பரைப் போட்டு, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக இரண்டு சுற்றில் முறுக்க வேண்டும். இவை 10 நியூட்டன் மீட்டருக்குப் பக்கம் முறுக்க வேண்டிய சிறு போல்ட்டுகள். நீளக் கைப்பிடியால் இறுக்கினால் கவர் வளைந்து முன்னைவிட ஒழுகும். சிலிகான் பேஸ்ட் மூலைகளில் ஒரு பொட்டுதான். சுற்றிலும் அப்பினால் பிதுங்கி உள்ளே விழுந்து ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். பிளக் குழிக்குள் ஆயில் நின்றால் அந்தக் குழி சீல்களும் சேர்த்து மாற்ற வேண்டும்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டு

"ரியர் கிராங்க் சீல் போச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்." சீல் சில நூறு ரூபாய், கூலிதான் கனக்கும். அதற்குச் சம்மதிக்கும் முன் மேலே பாருங்கள். பழைய மாருதி 800 போன்ற வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர், ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் ஓ-ரிங் காய்ந்தால் ஆயில் இன்ஜின் முதுகில் வழிந்து, நேராக இதே இடத்தில் வந்து சொட்டும். ஒரு போல்ட் தளர்த்தி மாற்றுகிற சிறு வளையம். டைமிங் மாறாமலிருக்க, கழற்றும் முன் டிஸ்ட்ரிபியூட்டரும் ஹெட்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு கீறி வைத்துக்கொள்ள வேண்டும். ஆயில் பிரஷர் சுவிட்ச்சும் இப்படியே ஏமாற்றும்.

மேலே எல்லாம் காய்ந்திருந்து, கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடித் துளையில் மட்டும் இன்ஜின் ஆயில் வந்தால் ரியர் சீல்தான். சொட்டுவது கந்தக நாற்றம் உள்ள கியர் ஆயிலாக இருந்தால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல். மெதுவாகச் சொட்டினால், கிளட்ச் தேயும் வரை மட்டத்தைப் பார்த்து ஊற்றிக்கொண்டே ஓட்டலாம். கிளட்ச்சைச் சோதிக்க, டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. கியர்பாக்ஸை இறக்கும் அன்றே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், இரண்டு சீல்கள் எல்லாம் சேர்த்து மாற்றிவிடுங்கள். கூலி ஒருமுறைதான். புதிய சீல் போட்டும் ஒழுகினால், பழைய சீல் கிராங்க்கில் பள்ளம் அரித்திருக்கும். சீலை ஒரு மில்லிமீட்டர் முன்னாலோ பின்னாலோ உட்கார வைத்தால், உதடு தேயாத இடத்தில் படியும்.

முன்பக்கக் கிராங்க், கேம் சீல்கள் ஒழுகினால் தள்ளிப் போடக் கூடாது. ஆயில் நனைந்த டைமிங் பெல்ட் ஊறி அறுந்துவிடும். பல இன்ஜின்களில் அறுந்த பெல்ட் வால்வையும் வளைத்துவிடும். பெல்ட், டென்ஷனர், சீல்கள், அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப் எல்லாம் ஒரே வேலை.

கூலண்ட் குறைகிறது

வெளியே ஒழுகினால் கவலை குறைவு. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலைப்பு சேரும் கோடு, ஹோஸ் கிளிப், வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளை ஆகிய இடங்களில் காய்ந்த சாயப் பொருக்கைத் தேடுங்கள். ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மதுரை ரோட்டில் நடுவழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர அது உதவும். ஆனால் ஊசித்துளையை அடைக்கும் தூள் குறுகலான குழாய்களையும் அடைக்கும். வந்ததும் கழுவி, பழுதைச் சரி செய்து, கிணற்றுத் தண்ணீர் ஊற்றாமல் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கூலண்ட் ஊற்றுங்கள்.

வெளியே சொட்டே இல்லாமல் குறைந்தால் ஹெட் பேக்கிங்கைச் சந்தேகப்பட வேண்டும். காலையில் ஆறின இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், ரேடியேட்டரில் குமிழிகள் நிற்காமல் வந்தால், சைலென்ஸரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வந்தால், அறிகுறி உறுதி. ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் ஒருபோதும் திறக்கக் கூடாது. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய்போல் படிந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். கோட்டையூரிலிருந்து காரைக்குடி கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புகிற அளவே ஓடும் வண்டியில் இன்ஜின் முழுச்சூடு ஏறாமல் ஈரம் அப்படிப் படியும். ஒருநாள் திருச்சி வரை ஓட்டி வந்த பின்னும் இருந்தால்தான் கவலை. ஹெட்டை இறக்கினால் லேத்தில் மட்டம் பார்த்து, தேவைப்பட்டால் ஃபேஸிங் செய்தே ஏற்ற வேண்டும். வெறும் பேக்கிங் மாற்றி ஏற்றினால் சில மாதத்தில் மறுபடி போகும். தண்ணீர் கலந்த ஆயிலோடு பல நாள் ஓடியிருந்தால் பேரிங்குகளும் போயிருக்கும். அங்கே கணக்கு மாறுகிறது.

நீலப்புகை

இரவு நின்ற வண்டி காலை ஸ்டார்ட்டில் மட்டும் புகைந்தால் வால்வ் சீல். ஹெட்டை இறக்காமலே சில இன்ஜின்களில் மாற்றலாம். ஏற்றத்தில் மிதிக்கும்போது தொடர்ந்து புகைந்தால் ரிங். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குடிக்கும் பழைய இன்ஜினை ஊற்றி ஊற்றி வருடக்கணக்கில் ஓட்டலாம். ஒரு லிட்டரைத் தாண்டினால் இன்ஜின் வேலைக்கும் விற்பனைக்கும் இடையே முடிவு எடுக்க வேண்டிய நேரம்.

பிரேக் ஆயில், பெட்ரோல் வாடை

இந்த இரண்டிலும் பேரம் கிடையாது. பிரேக் ஆயில் மட்டம் குறைந்து வெளியே ஈரம் இல்லாவிட்டால், மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டருக்குள் கசிகிறதா என்று பாருங்கள். வீல் சிலிண்டர் ஒரு பக்கம் போனால் இரு பக்கமும் மாற்றுங்கள், ஆயில் ஊறின லைனிங்கையும் தூக்கிப் போடுங்கள். பெட்ரோல் ஹோஸ்கள் பழைய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியவை. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது எல்லா பங்கிலும் வருகிறது, அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் ஊறி வெடிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு, டேங்க்கிலிருந்து இன்ஜின் வரை மொத்தமாக மாற்றுங்கள். டேங்க் ஒழுகலில் சோப்பைத் தேய்ப்பது பட்டறைக்குப் போகும் வரைக்கும்தான்.

மழைக்குப் பிறகு தரைவிரிப்பு நனைகிறது

ஒழுகலிலேயே காரை முடித்து வைப்பது இதுதான். ஐப்பசி கார்த்திகை மழையில் கதவின் அடித் துளைகளும் கண்ணாடிக்குக் கீழுள்ள வடிகாலும் இலைதழையில் அடைத்து, தண்ணீர் உள்ளே இறங்கும். விரிப்பைத் தூக்கி, தரைத் தகட்டை ஸ்க்ரூடிரைவர் பின்பக்கத்தால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும், மொத்தையாகக் கேட்டால் முனையால் குத்துங்கள். ஜாக்கி வைக்கும் இடம், லோயர் ஆர்ம் பிடிக்கும் இடம், முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை உட்காரும் இடம் ஆகிய மூன்றில் ஒன்றில் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனால், ஒழுகலுக்குச் செலவழிப்பதை நிறுத்துங்கள். பட்டியும் பெயிண்ட்டும் அந்த இடத்தை மறைக்கும், தாங்காது. கதவு, ஃபெண்டர் துரு அப்படியல்ல, டிங்கரிங்கில் முடியும்.

கணக்கு

அதனால் பார்க்கும் வரிசை: முதலில் பாடி, பிறகு கம்ப்ரஷன், கடைசியில் ஒழுகல். பாடியும் கம்ப்ரஷனும் நன்றாக இருந்தால், ஒழுகல் எத்தனை இடத்தில் இருந்தாலும் வண்டி வைத்துக்கொள்ளத் தகுந்தது என்பதே எங்கள் கருத்து.

எஸ்டிமேட்டை மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: உயிர் காப்பவை, வழியில் நிற்க வைப்பவை, வெறும் அழுக்கு. மூன்றாவதை விட்டுவிடலாம். முதல் இரண்டுக்கும் 28,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வேறு வண்டிக்கு ஐந்து லட்சம் கடன், ஒன்பதரை சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 10,500. அந்த வேலை மூன்று மாதத் தவணைக்கும் குறைவு. அதனால் "வண்டி விலையே நாற்பதாயிரம்தான், அதில் இருபத்தெட்டாயிரம் போடுவதா" என்ற கேள்வியே சரியில்லை. அந்தச் செலவுக்குப் பிறகு எத்தனை மாதம் நிம்மதியாக ஓடும் என்பதுதான் கேள்வி. ஒரு வருடம் ஓடினால் லாபம்.

இதில் சேர்க்க வேண்டிய இன்னொரு செலவு ஆர்சி எனும் பதிவுச் சான்று. சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு, பிறகு ஐந்து ஐந்து ஆண்டாக எஃப்சி (தகுதிச் சான்று) எடுத்துப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி, 20 ஆண்டு தாண்டினால் கட்டணம் இன்னும் அதிகம். எஃப்சி நெருங்கும்போது பெரிய வேலை வந்தால் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். எஃப்சி முடிந்து நாலரை வருடம் கையில் இருந்தால் அதே வேலைக்குத் தாராளமாகச் செலவழிக்கலாம்.

பாகம் கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மாருதி 800, ஆல்டோ சாமான் காரைக்குடியிலேயே கிடைக்கும். தயாரிப்பு நின்றுபோன கம்பெனிகளின் வண்டிக்குச் சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை என்று ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். ஒரு வாட்டர் பம்ப்புக்காக வண்டி இரண்டு வாரம் நின்றால் அதுவும் செலவுதான்.

ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு

ஆச்சி வீட்டு ஷெட்டில் நிற்கும் காரை வாட்ச்மேன் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவது நல்லதைவிடக் கெடுதலே செய்யும். ஆயிலில் ஈரம் சேரும், சைலென்ஸர் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். மாதம் இருமுறை பத்து கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும். கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் வருடம் ஒருமுறை ஆயில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில். நீண்ட காலம் நின்று புதிதாக ஒழுகும் சீல்களை உடனே மாற்ற வேண்டாம். முந்நூறு நானூறு கிலோமீட்டர் ஓடினால் சில சீல்கள் ஆயில் பட்டு மீண்டும் மென்மையாகி ஒழுகல் நிற்கும். சீலை மென்மையாக்கும் மருந்தை ஆயிலில் கலப்பதும் இந்த வகைக்குத்தான் பலன் தரும், கிழிந்த பேக்கிங்குக்கு உதவாது. எலி கடித்த ஹோஸ், ஒயர் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறை எடுக்கும் முன்னும் பானெட்டைத் திறந்து பாருங்கள்.

விடுவதென்று முடிவானால்

ஒழுகலை மூடி மறைத்து விற்பதற்காகச் செலவழிக்க வேண்டாம். அந்தப் பணம் விலையில் திரும்பி வராது. கம்ப்ரஷன் எண்களும் நல்ல பாடியும் இருந்தால் அவற்றைக் காட்டியே நியாயமான விலை கேட்கலாம். உடைக்கக் கொடுப்பதானால் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கி, ஆர்டிஓவில் ஆர்சியை ரத்து செய்யுங்கள். புரோக்கரிடம் விற்றால், பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் வாங்குபவர் பெயர் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள், வெற்றுப் படிவத்தில் கூடாது. பெயர் மாறாத வரை அந்த வண்டி செய்யும் விபத்துக்கும் நோட்டீஸ் உங்கள் வீட்டு முகவரிக்கே வரும். பெயர் மாறிவிட்டதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஒரு மாதத்துக்குள் பார்த்துவிடுங்கள்.